பேய் வரும் சத்தத்தை எழுத்தில் காட்டலாம்! வீட்டு கம்ப்யூட்டரில் பழைய படங்களுக்கு நாமே தமிழ் சப்டைட்டில் அமைப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். "இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நானும் படம்தான் பார்த்தேன். அதுவும் பேய்ப் படம், பறக்கும் தட்டுப் படம், மந்திரவாதிப் படம்! ஆனால் அந்தப் படங்களே கம்ப்யூட்டரில் ஓர் உருப்படியான வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தன. அந்த வேலைதான் சப்டைட்டில் அமைப்பது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. திண்டிவனத்துக்கு வடக்கே ஒலக்கூரில் இருக்கிறேன். கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டையும் நெல்லும். மகன் வேலைக்குப் போனதும் தன் பழைய கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஆகவே நான் செய்ததை நீங்களும் தாராளமாகச் செய்யலாம்.

மணல் தரையில் ஒரு சப்டைட்டில்

எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் ஊர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸ் வந்து போகும். சாயங்காலம் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு புரொஜக்டர்தான் இருக்கும். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் சிறுவன் என்பதால் அக்காவோடு பெண்கள் பக்கம் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து கொள்வேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். விட்டலாச்சார்யாவின் படம் என்றால் இருவருக்கும் உயிர். கர்நாடகாவில் உடுப்பிப் பக்கம் பிறந்து, தெலுங்கில் ஏராளமான மாயாஜாலப் படங்களை எடுத்தவர் அவர். அவற்றில் பல தமிழில் டப் செய்யப்பட்டு நம் ஊர்களில் ஓடின. 1978-ல் வந்த 'ஜகன்மோகினி' அவற்றில் மிகப் பிரபலம். மண்டை ஓடு சிரிக்கும், மரம் நடக்கும், பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும்!

பேய் வரும் நேரத்தில் நான் கண்ணை மூடிக் கொள்வேன். அக்கா என் காதில், "கதவு தொறக்குதுடா... உள்ள யாரும் இல்ல... இப்ப கை மட்டும் வருது..." என்று சொல்லிக் கொண்டே வருவார். கண்ணை மூடிக் கொண்டே நான் முழுப் படமும் 'பார்த்த' நாட்கள் உண்டு. இப்போது யோசித்தால், என் வாழ்க்கையில் முதல் சப்டைட்டில் அக்காதான்.

நம்பியாரின் வேற்றுக்கிரகம்

எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த படம் 'கலை அரசி'. 1963-ல் வெளிவந்தது. அக்கா பிறந்ததும் அதே ஆண்டுதான். ஏ. காசிலிங்கம் இயக்கிய இந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் இரட்டை வேடம். விஞ்ஞானத்தில் மிக முன்னேறிய ஒரு கிரகத்தில் பாட்டும் நடனமும் மட்டும் இல்லை. அதைக் கற்றுத் தர ஆள் தேடி பூமிக்கு வருகிறார்கள். பாடகியான பானுமதியைத் தூக்கிக் கொண்டு போய்விடுகிறார்கள். அவரை மீட்க எம்.ஜி.ஆர். அந்தக் கிரகத்துக்கே போகிறார். தூக்கிக் கொண்டு போகும் வேற்றுக்கிரகவாசி யார் தெரியுமா? நம் எம்.என். நம்பியார்! இந்திய சினிமாவில் வேற்றுக்கிரகவாசிகள் வரும் மிகப் பழைய படங்களில் ஒன்று இது. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தது 1982-ல்தான்.

அதற்கும் முன்னால் 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை எடுத்தது. தமிழில் இதன் பெயர் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரான், சீசர் ரோமெரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களோடு நம்பியாரும் இதில் இருக்கிறார். காட்டு மிருகங்கள் மிரண்டு ஓடுவது ஏன் என்று தேடிப் போகிறார்கள். காரணம், அழிந்து போனதாக நினைத்த மேமத் யானைகள்! அதற்காக நம் ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டிருக்கிறார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் பழைய அறிவியல் படங்களைத் தேடிப் பார்க்கும் வெளிநாட்டு ரசிகர்கள் பலர் இந்தப் படத்தால் சேலத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இப்படி, ஊர் சிரித்தாலும் ஒரு சிறு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்துக் காப்பாற்றி வரும் படங்களைத்தான் 'கல்ட்' படம் என்கிறார்கள். நானும் அக்காவும் இரண்டு பேர் மட்டுமே உள்ள கூட்டம்.

காது போனால் பேயும் போய்விடுமா?

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குக் காது கேட்பது குறையத் தொடங்கியது. இப்போது மெஷின் வைத்தாலும் பேச்சு தெளிவாகப் புரிவதில்லை. டிவியில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது என்பார். மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கம்ப்யூட்டர் வந்ததும் ஆசையோடு பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பழைய பேய்ப் படத்தைப் போட்டேன். அரைமணி நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "நீ பாருடா, எனக்கு இன்னா நடக்குதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு அதே காட்சியை மீண்டும் போட்டுப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். பயமே வராது! ஒரு பெண் காரிடாரில் நடக்கிறாள், அவ்வளவுதான். கதவு கிறீச்சிடுவதும், தூரத்தில் நாய் ஊளையிடுவதும், திடீரென்று எல்லாச் சத்தமும் நின்று போவதும்தான் நம்மைப் பயமுறுத்துகின்றன. பேய்ப் படத்தில் பேய் பாதி திரையில் இருக்கிறது, மீதி பாதி ஸ்பீக்கரில் இருக்கிறது. அக்காவுக்கு அந்தப் பாதி போய்விட்டது.

டிவிடியில் சில படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கும். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் யார் தருவார்கள்? திரையரங்குகளில் காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் படங்களை ரசிக்க வசதி செய்வது பற்றி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் நெறிமுறைகளை வெளியிட்டது. நல்ல செய்தி. ஆனால் அது இனி தியேட்டருக்கு வரும் படங்களுக்கு. 1963-ல் வந்த படத்துக்கு யார் எழுதுவார்கள்? நாம்தான் எழுத வேண்டும்.

முதலில் ஓர் ஊமைப்படம்

எடுத்த உடனே பெரிய வேலையில் இறங்க வேண்டாம் என்று மகன் போனில் சொன்னான். அவன் தந்த யோசனை அருமையானது. "ஊமைப்படம் போடுங்கப்பா. அத்தைக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும்."

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஒரு தளம் இருக்கிறது. 1996-ல் புரூஸ்டர் கேல் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய டிஜிட்டல் நூலகம். காப்புரிமை முடிந்த பழைய படங்கள் நிறைய இதில் கிடைக்கின்றன. இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். அங்கேதான் 'நோஸ்ஃபெராட்டு' கிடைத்தது. 1922-ல் ஜெர்மனியில் எஃப்.டபிள்யூ. முர்னாவ் எடுத்த ரத்தக்காட்டேரிப் படம்.

இந்தப் படத்தின் கதையைவிட, இது பிழைத்த கதை சுவாரசியமானது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸ் வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் அங்கங்கே சில பிரதிகள் தப்பித்துவிட்டன. அதனால்தான் நூறு ஆண்டு கழித்து ஒலக்கூரில் நாங்கள் அதைப் பார்க்க முடிந்தது.

ஊமைப்படத்தில் வசனம் இடையிடையே எழுத்து அட்டைகளாக வரும். அதை மட்டும் நான் தமிழில் எழுதினால் போதும். எழுதினேன். மாடிப்படிச் சுவரில் காட்டேரியின் நிழல் மட்டும் ஏறி வரும் காட்சியில் அக்கா என் கையைப் பிடித்துக் கொண்டார். சரி, அடுத்தது 'கலை அரசி' என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னென்ன தேவை?

செலவு அதிகம் இல்லை. பட்டியலைப் பாருங்கள்.

1. விஎல்சி மீடியா பிளேயர். பாரிஸ் நகர மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. இலவசம். ஏறக்குறைய எல்லா வகை வீடியோ பைல்களையும் இது இயக்கும். இதை அதன் சொந்தத் தளமான வீடியோலேன் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் தேவையற்ற புரோகிராம்களையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள்.

2. நோட்பேட். இது விண்டோஸ் உடனேயே வருகிறது. தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

3. தமிழ் கீபோர்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழ் மொழியைச் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

4. விசிடி அல்லது டிவிடி வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க் டிரைவ். இப்போதைய லேப்டாப்களில் டிரைவ் வருவதில்லை. யுஎஸ்பி-யில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்று வாங்கிக் கொள்ளலாம்.

விசிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு

என்னிடம் இருந்தது விசிடி. ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் பிடிக்கும். அதனால் நம் படங்கள் இரண்டு அல்லது மூன்று டிஸ்க்குகளாக வரும். டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருக்கும் போல்டர்களைப் பாருங்கள். எந்த பைல் அளவில் மிகப் பெரியதோ அதுதான் படம். அதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தனி போல்டரில் காப்பி செய்து கொள்ளுங்கள். முதல் டிஸ்க்குக்கு 'படம்1', இரண்டாவதற்கு 'படம்2' என்று பெயர் மாற்றிக் கொண்டால் குழப்பம் வராது. பைலின் பெயரை மட்டும் மாற்றுங்கள். புள்ளிக்குப் பின் உள்ள எழுத்துகளைத் தொட வேண்டாம்.

காப்பி பாதியில் நின்றால் டிஸ்க்கில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். எனக்கு இரண்டாவது டிஸ்க் மூன்று முறை நின்று, துடைத்த பிறகுதான் முழுதாக வந்தது.

நோட்பேடில் முதல் வரி

சப்டைட்டில் என்றால் படத்தின் மேல் எழுதி ஒட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு தனி டெக்ஸ்ட் பைல். எந்த நேரத்தில் எந்த வரி வர வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கும். பிளேயர் அதைப் படித்துப் படத்தின் மேல் காட்டும். படத்துக்கு எந்த மாற்றமும் நேராது. அதனால் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

உதாரணத்துக்கு நானே எழுதிய மூன்று டைட்டில்களைப் பாருங்கள்.

1
00:00:12,000 --> 00:00:15,500
(தூரத்தில் நாய் ஊளையிடுகிறது)

2
00:00:16,200 --> 00:00:18,000
யார் அங்கே?

3
00:00:21,000 --> 00:00:23,000
(கதவு கிறீச்சிடுகிறது)

முதலில் வரிசை எண். அடுத்த வரியில் டைட்டில் தோன்றும் நேரமும் மறையும் நேரமும். மணி, நிமிடம், வினாடி, காற்புள்ளிக்குப் பின் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு நேரங்களுக்கும் நடுவே இரண்டு கழித்தல் குறியும் ஒரு அம்புக் குறியும். மூன்றாவது வரியில் வசனம். அதன் பின் கட்டாயமாக ஒரு காலி வரி. இவ்வளவுதான் இலக்கணம்.

சேவ் செய்யும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன். கீழே உள்ள மூன்றையும் மறக்காதீர்கள்.

* பைல் மெனுவில் சேவ் ஆஸ் கிளிக் செய்து, டைப் என்ற இடத்தில் 'ஆல் பைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் தானாகத் தன் வாலை ஒட்டிவிடும்.

* பைல் பெயர் படத்தின் பெயராகவே இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின் மட்டும் எஸ், ஆர், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால், படத்தைத் திறந்தவுடன் விஎல்சி சப்டைட்டிலைத் தானாக எடுத்துக் கொள்ளும்.

* என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும். வேறு இருந்தால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். பேயைவிட அது பயங்கரம்!

இன்னொரு விஷயம். ஒவ்வொரு டிஸ்க்கின் நேரமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே 'படம்1'-க்கு ஒரு சப்டைட்டில் பைல், 'படம்2'-க்கு இன்னொன்று என்று தனித்தனியாக எழுதுங்கள்.

எழுத்து கட்டமாகத் தெரிந்தால் விஎல்சியில் டூல்ஸ் மெனு, பிரிபெரன்சஸ், சப்டைட்டில்ஸ் பகுதிக்குச் சென்று எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். எழுத்தின் அளவையும் அங்கேயே பெரிதாக்கலாம். வயதானவர்களுக்காக எழுதும்போது இது முக்கியம்.

சத்தத்துக்கு எந்த எழுத்து?

வசனம் எழுதுவது எளிது. கேட்டதை எழுதினால் போயிற்று. ஷிப்ட் கீயோடு இடது அம்புக் குறியை அழுத்தினால் விஎல்சி மூன்று வினாடி பின்னால் போகும். திரும்பத் திரும்பக் கேட்டு எழுதலாம். கஷ்டம், சத்தத்தை எழுதுவதில்தான்.

முதலில் நான் "(பயங்கர இசை)" என்று எழுதினேன். அக்கா பார்த்துவிட்டு, "பயங்கரம்னா எப்படிடா? இடியா, ஊளையா?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த முறை "(இசை மெல்லத் தொடங்கி வேகமாகிறது)" என்று எழுதினேன். உடனே முகம் மாறியது. என்னவோ வரப் போகிறது என்று தெரிந்துவிட்டதல்லவா?

இங்கேதான் பள்ளியில் படித்த இரட்டைக்கிளவி கைகொடுத்தது. சலசல, தடதட, மடமட, கிடுகிடு, நறநற, குடுகுடு... தமிழில் சத்தத்துக்கு எத்தனை வார்த்தைகள்! "காலடிச் சத்தம்" என்று எழுதுவதற்கும், "மாடியில் தடதடவென்று யாரோ ஓடுகிறார்கள்" என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேற்றுக்கிரக விண்கலத்துக்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. அரை நாள் யோசித்து "(விர்ர்ர்ர்ர்... விண்கலம் நெருங்குகிறது)" என்று போட்டேன்.

நான் கற்றுக் கொண்ட சில விதிகள்:

* ஒரு டைட்டிலில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.
* ஒரு வினாடிக்குக் குறைவாக வைத்தால் படிக்க முடியாது. ஆறேழு வினாடிக்கு மேல் வைத்தால் எரிச்சல் வரும்.
* பேசுகிறவர் திரையில் இல்லாவிட்டால் அவர் பெயரைப் போட்டு எழுதுங்கள்.
* சத்தங்களை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். வசனத்தோடு கலந்துவிடக் கூடாது.
* எல்லாச் சத்தத்தையும் எழுதாதீர்கள். கதைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள்.
* சத்தம் சட்டென்று நின்றால் அதையும் எழுதுங்கள். "(நிசப்தம்)" என்ற ஒரே வார்த்தைக்கு அக்கா பயந்ததைப் போல் வேறு எதற்கும் பயந்ததில்லை.

முந்தினால் பயம் போச்சு!

பத்து நிமிடப் படம் எழுதி முடித்ததும் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அலறல் வரப் போவுதுன்னு நீ முன்னாடியே எழுதிட்ட. நானும் படிச்சிட்டேன். அப்புறம் எங்கிருந்துடா பயம் வரும்?"

அரை வினாடி முந்தியிருந்தது என் டைட்டில். சாதாரணப் படத்தில் இது பெரிய குற்றமில்லை. பேய்ப் படத்தில் டைட்டில் முந்தினால் பேய் செத்துவிடும். அதிர்ச்சியான இடங்களில் டைட்டில் சத்தத்தோடு சரியாக வர வேண்டும். இல்லையென்றால் ஒரு கணம் பிந்தி வரலாம். முந்தவே கூடாது.

பைல் முழுவதும் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ இருந்தால் கவலை வேண்டாம். படம் ஓடும்போது கீபோர்டில் ஹெச் எழுத்தை அழுத்தினால் டைட்டில்கள் தள்ளிப் போகும். ஜி எழுத்தை அழுத்தினால் முன்னால் வரும். ஒரு தட்டுக்கு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நகரும். சில இடங்கள் மட்டும் தப்பு என்றால் நோட்பேடில் அந்த நேரங்களைத் திருத்துங்கள்.

அலறலைக் கண்ணால் பார்த்தோம்

நோட்பேடில் எழுதிப் பழகிய பின் 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச புரோகிராமுக்கு மாறினேன். இதில் படமும் டைட்டில் பட்டியலும் ஒரே திரையில் தெரியும். கீழே படத்தின் ஒலி அலைகளாக ஓடும். எங்கே பேச்சு தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து மவுஸால் இழுத்துக் குறிக்கலாம். நேரத்தைக் கையால் டைப் செய்யும் வேலை மிச்சம்.

ஒரு நாள் அக்கா பின்னால் வந்து நின்றார். திரையில் நேர்க்கோடாகப் போய்க் கொண்டிருந்த அலை, திடீரென்று பனைமரம் போல உயர்ந்து நின்றது. "அது இன்னாடா?" என்று விரலை வைத்தார். நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்: "அலறல்." அக்கா சிறிது நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "இவ்ளோ பெருசா கத்துறாளா!" என்றார். அன்று முதல் எனக்கு உதவிக்கு ஆள் கிடைத்துவிட்டது. அலை உயர்கிற இடத்தையெல்லாம் அக்கா கண்டுபிடித்துச் சொல்வார். நான் கேட்டு எழுதுவேன்.

பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் வசதியும் இந்த புரோகிராமில் இருக்கிறது. தமிழுக்கும் முயன்று பார்த்தேன். பழைய படம், பின்னணி இசை, தேய்ந்த ஒலி. என் படத்தில் பாதிக்கு மேல் தப்பாக வந்தது. சத்தங்களை அது கண்டுகொள்ளவே இல்லை. புதிய படங்களுக்கு உங்களுக்கு உதவலாம். ஆனால் ஒவ்வொரு வரியையும் சரி பார்க்காமல் விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் ஒரு திரைப்படத்துக்கான காப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அதிலுள்ள பாட்டுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். எனவே படம் பழையதாயிற்றே என்று எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றிவிடாதீர்கள். சொந்தமாக வாங்கிய டிஸ்க்குக்கு வீட்டில் பார்க்க டைட்டில் எழுதுவது வேறு, படத்தை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது வேறு.

வெளிநாட்டுப் படங்களில் தாராளமாகக் கிடைக்கும் ஒன்று 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் எடுத்தது. நடமாடும் பிணங்கள் ஒரு வீட்டைச் சூழ்ந்து கொள்ளும் கதை. இன்றைய ஜோம்பி படங்களுக்கெல்லாம் தாய். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி உரிமை போய்விட்டது. எடுத்தவர்களுக்கு அது நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றாகி, அது உலகம் முழுக்கப் பரவியது. அடுத்து அதற்குத்தான் தமிழ் டைட்டில் எழுதப் போகிறேன்.

பழகுவதற்குச் சிறிய படம் வேண்டும் என்றால் ஜார்ஜ் மெலியே 1902-ல் எடுத்த நிலாப் பயணம் படத்தைத் தேடுங்கள். கால் மணி நேரம்தான். நிலாவின் கண்ணிலேயே ராக்கெட் போய்க் குத்தும் காட்சி அதில்தான்.

மறுபடியும் இரண்டு பேர்

'கலை அரசி'க்கு டைட்டில் எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அறுவடை நாட்களில் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இரவில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்து முடித்தேன்.

முடித்த அன்று கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். விளக்கை அணைத்தேன். அக்கா நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்து கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "(விர்ர்ர்ர்ர்... விண்கலம் நெருங்குகிறது)" என்ற வரி வந்ததும் அக்கா சத்தமாகச் சிரித்தார். பிறகு நம்பியார் வரும் காட்சிகளில் தன்னை மறந்து என் காதருகே குனிந்து, "வந்துட்டான்டா... தூக்கிட்டுப் போவப் போறான்டா..." என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டைட்டில் திரையில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. கண்ணை மூடிக் கொண்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் டிவி முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் எழுந்து போகும் ஒருவர் இருக்கக் கூடும். அப்பாவோ, பாட்டியோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ. அவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். பேய்ப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நோட்பேடைத் திறந்து முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். மீதியை எழுதாமல் அவரே உங்களை விடமாட்டார்!